மனைக்குளம் அமைத்தல்

நீர்நிலைகளைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பெயர்கள் மிகப் பல. குளம், கயம், இலஞ்சி, வாவி, கேணி, ஊருணி, ஏந்தல், தாங்கல், சுனை, மடு என அவற்றை அடுக்கிச் சொல்லுதல் ஆனர்ஸ் வகுப்பு மாணாக்கர்க்கு அரிதன்று. அவற்றில் மலரும் பூக்களின் பெயர்களும் அங்ஙனமே எம் நாவில் நின்றன. ஆயினும் 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒருநாள் எம் ஆசிரியர் பாடத்தை நிறுத்தி, “கொட்டியைக் கண்ணாற் கண்டவர் யார்?” என்று வினவியபோது, வகுப்பிலிருந்த 18 பேருள் ஒருவரும் கையுயர்த்தினோமல்லோம். ஆம்பலைக் கண்டதாகச் சொன்னவர் மூவர். அவருள்ளும் ஒருவர் கண்டது தாமரை என்பது அடுத்த வினாவிலேயே வெளியாயிற்று. ஆசிரியர் சினந்தாரல்லர், நகைத்துவிட்டு மேலே சென்றார். அந்நகையே எம்மை மண்வெட்டி எடுக்கச் செய்தது.

எம் இல்லத்துப் புழைக்கடைத் தோட்டத்தில் ஒரு குளம் தோண்டி, நூல்களிற் பயிலும் நீர்ப்பூக்களை அதில் வளர்ப்பதென்று, உடன்பிறந்தார் இருவரும் வகுப்புத்தோழர் ஒருவருமாக மூவரேம் துணிந்தோம். அதனைச் செய்த வகையையும், செய்ததிற் பிழைத்த வகையையும், இவ்வேலையை மேற்கொள்ள விரும்பும் நண்பர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் இடந்தேர்தல். ஆம்பலும் தாமரையும் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமேனும் வெயிலை வேண்டுவன. நிழலில் இலை விடுமேயன்றிப் பூவா. மரத்தடியில் தோண்டினால் உதிர்ந்த சருகு நீருள் அழுகி மீனின் மூச்சைக் கெடுக்கும். வேரோ குளத்தின் அடியைத் துளைக்கும். மலக்குழிக்கு அருகிலும், சுற்றுச்சுவரின் அடித்தளத்தை ஒட்டியும் தோண்டலாகாது. இவையெல்லாம் அறிந்தே இடந்தேர்ந்தோம். மண்ணைப் பற்றி மட்டும் நினைத்தோமல்லோம். எம் ஊர் தாமிரபரணிப் பாசனத்திற்குப் புறம்பான செம்மண் மேட்டில் உள்ளது. இரண்டடிக்குக் கீழே சரளை. கடப்பாரை பட்ட இடமெல்லாம் கலகலவென்று உதிர்ந்தபோது, தோண்டுதல் எளிதாயிற்றென்று மகிழ்ந்தோம்!

நீளம் 24 அடி, அகலம் 15 அடி எனக் கயிறு கட்டிக் கோலமாவு தூவி எல்லை குறித்தோம். மே மாதத்தில் 22 நாள், காலை ஐந்து முதல் எட்டு வரையிலும் மாலை வெயில் தாழ்ந்த பின்னரும் வெட்டினோம். கரையோரமெங்கும் ஒன்றரையடி ஆழத்தில் ஒரு படி; நடுவே 5 அடி ஆழத்தில் ஒரு குழி. படி, ஆழம் வேண்டாச் செடிகளுக்கு. குழி, கோடையில் மீன் வெம்மைக்கு ஒதுங்குதற்கு. வெட்டிய மண் 650 கன அடிக்குக் குறையாது. எடையிற் சொன்னால் ஏறத்தாழ 30 டன். நிலத்துள் இறுகிக் கிடந்த மண் வெளியே வந்ததும் ஐந்தில் ஒரு பங்கு பருத்துவிடும் என்பதனை அறியாமையால், அதனைக் கொட்ட ஒதுக்கிய மூலை போதாது, எம் தாயாரின் வெண்டைப்பாத்தியும் மண்ணுள் மறைந்தது. மண்ணை எங்கே இடுவதென்று முடிவு செய்யாமல் மண்வெட்டியைத் தொடாதிருத்தல் நலம்.

இதற்குப் பொய்கை என்று பெயரிடவே முதலில் விரும்பியிருந்தோம். பொய்கையாவது மானிடர் ஆக்காத நீர்நிலை என்று அகராதி கூறுதலின், 30 டன் மண்ணைத் தோளிற் சுமந்த பின்னர் அப்பெயரை இட மனம் ஒப்பவில்லை. ஆதலின் குளம் என்றே வழங்குகின்றோம்.

ஜூன் முதல் வாரத்தில், கிணற்று மோட்டாரை இரண்டு நாள் விட்டுவிட்டு ஓட்டிக் குளத்தை நிறைத்தோம். கொண்ட நீர் ஏறத்தாழ 18,000 லிட்டர். அண்டையூர்க் குளமொன்றில் எஞ்சியிருந்த ஆம்பற் கிழங்குகளைக் கொணர்ந்து, மண்சட்டிகளில் நட்டுப் படியின்மேல் வைத்தோம். அன்றிரவு நிலவு நீரில் தோன்றிற்று. மூவரேமும் நெடுநேரம் கரையில் அமர்ந்திருந்தோம்.

மறுநாட் காலையில் நீர் மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தது. வெயிலில் ஆவியாயிற்று என்றார் ஒருவர். புதுமண் குடிக்கும், பின்னர் நின்றுவிடும் என்றார் மற்றவர். இவ்வையத்தைத் தீர்த்தற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு வாளியில் கல்லையிட்டுக் குளத்தின் படியில் வைத்து, வாளியுள்ளும் வெளியிலும் நீர் ஒரே மட்டமாக நிற்குமாறு நிரப்பி, இரண்டிலும் அடையாளமிட்டு ஒருநாள் கழித்துப் பார்த்தல் வேண்டும். வெயில் இரண்டிலும் ஒத்த அளவே உண்ணும்; கசிவோ குளத்திற்கு மட்டுமே உண்டு. வாளியில் கால் அங்குலம் குறைந்தது. குளத்தில் மீண்டும் மூன்று அங்குலம். ஆறாம் நாள் படி முழுவதும் வெளிப்பட்டது. ஆம்பற் சட்டிகள் வெயிலில் நின்றன.

அவ்வாறு நாளிலும் மண்ணுள் மறைந்த நீரைக் கணக்கிட்டோம். 13,000 லிட்டருக்கு மேல். குடக்கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ 900 குடம். எம் வீட்டுக் கிணறு எமக்கு மட்டும் உரியதன்று. கோடையில் தெருவிற் பாதிப்பேர் அதனையே நம்பி வருவர். அந்நீர் நிலத்துள் இறங்கி மீண்டும் கிணற்றையே சேருமன்றோ என்று எம் தோழர் ஆறுதல் கூறினார். கிணற்றில் கயிறு நாள்தோறும் ஒரு முழம் கூடுதலாக இறங்கிற்றேயன்றி, அவர் சொன்னது நிகழக் கண்டிலோம். ஏழாம் நாள் மீண்டும் மோட்டாரைத் தொடப்போன வேளையில், எதிர்வீட்டு ஆச்சி இடுப்பில் வெறுங்குடத்தோடு கிணற்றடிக்கு வந்தார். எம்மையும் குளத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “பிள்ளைகளா, குடிக்கிற தண்ணிக்கு நான் நாலுதரம் நடக்கிறேன், உங்களுக்குப் பூவா கேட்குது?” என்றார். மறுமொழி கூறும் ஆற்றல் எமக்கு இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டோம். அதன்பின் இன்றுகாறும் கிணற்று நீரில் ஒரு குடமும் குளத்திற்கு விட்டதில்லை.

அன்று மாலை எம் தாத்தா வந்து வற்றிய குழியைச் சுற்றிப் பார்த்தார். அவர் குளத்தடி வயலில் உழுது வாழ்ந்தவர். “வரத்து எங்கே? மறுகால் எங்கே?” என்று இரண்டே வினா வினவினார். ஊர்க்குளத்திற்கு நீர் கொணரும் வாய்க்கால் வரத்துக்கால் எனவும், நிறைந்தபின் மிகுநீர் வெளியேறும் வழி மறுகால் எனவும் எம் பக்கத்தில் வழங்கப்பெறும். இவ்விரண்டும் இன்றி ஒரு குளத்தைத் தோண்டுவார் உண்டோ என்பது அவருக்கு வியப்பு. யாம் பூவைப் பற்றி எண்ணினோம். நடுவே அழகிய திட்டொன்று வேண்டுமா என்றுகூட வாதிட்டோம். நீர் எவ்வழி வரும், எவ்வழி நிற்கும், எவ்வழிப் போகும் என்னும் மூன்றனுள் ஒன்றையும் எண்ணினோமல்லோம். இம்மூன்றையும் காலாண்டு விடுமுறையில் முதலிலிருந்து செய்தோம்.

நிற்கும் வழியை முதலிற் கூறுவோம். சரளை நிலத்தில் நீரை நிறுத்தற்கு மூன்று முறைகள் உள. சிமெண்டுப் பூச்சு ஒன்று. அது செலவு மிகுவது. கம்பிவலை இடாது பூசினால் வெடிப்பது. புதுச் சிமெண்டின் காரம் மீனைக் கொல்லுமாதலின், வாழைத்தண்டைத் துண்டித்து ஊறவிட்டு இரண்டு மூன்று முறை நீர் மாற்றிய பின்னரே மீன் விடுதல் வேண்டும். பண்ணைக்குட்டைகளில் விரிக்கும் 500 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு மற்றொன்று. அதன் அளவை அறிய, குளத்தின் நீளத்தோடு ஆழத்தை இருமுறை கூட்டி, கரைமேல் மடிக்கப் பக்கத்திற்கு இரண்டடி சேர்த்தல் வேண்டும், அகலத்திற்கும் அவ்வாறே. எம் குளத்திற்கு 38 அடிக்கு 29 அடி வேண்டியிருக்கும். களிமண் கிட்டாதவர்க்கு இதுவே எளிய வழி. யாம் மூன்றாவதாகிய களிப்பூச்சைக் கொண்டோம். தாத்தாவின் வயலில் மேல்மண்ணுக்கு அடியில் நல்ல களி இருந்தமையும், கையிற் பணம் இன்மையும் காரணம். ஊர்க்குளத்துக் களியை உரிய அனுமதியின்றி அள்ளுதல் குற்றம் என்பதனை நண்பர்கள் நினைவிற் கொள்க.

களி நல்லதோ என்று அறிதற்கு, ஈரக்களியை விரற்பருமன் திரித்து வளையமாக வளைத்துப் பார்த்தல் வேண்டும். வெடிப்பின்றி வளைந்தால் நன்று. பின்னும் ஓர் உருண்டை பிடித்து இரவு முழுதும் நீரிலிட்டுக் காலையில் எடுத்தால், அது கரையாமல் இருத்தல் வேண்டும். எமக்கு 4 யூனிட் களி செலவாயிற்று. யூனிட் என்பது 100 கன அடி. முன்னர்ச் செங்குத்தாக வெட்டியிருந்த பக்கங்களில் களி ஒட்டாது சரிந்தமையால், அவற்றைச் சரிவாகச் செதுக்கினோம். செடி வேர்களைக் களைந்து, தரையை நனைத்து, மூன்று அங்குலக் கனத்திற்குக் களியைப் பரப்பி மிதித்தோம். அதன்மேல் மற்றொன்று, அதன்மேல் மற்றொன்று. மூன்று அடுக்கும் சேர்ந்து ஒன்பது அங்குலம். மிதித்தலே இதன் உயிர்நிலை. கட்டிகளுக்கு இடையிலுள்ள காற்று முழுதும் வெளியேறி, களி ஒரே உடம்பாகும் வரையில் மிதித்தல் வேண்டும். முதல் நாள் மூவரேம் மிதித்தோம், முழங்கால் ஓய்ந்தது. இரண்டாம் நாள் தெருப்பிள்ளைகள் பத்துப்பேர் தாமாகவே வந்து குதித்தனர். அவர்களைப் போல் உழைப்பாரை யாம் கண்டதில்லை. பூசிய களி காய்ந்தால் பிளக்குமாதலின், மேலே சிறிது மணலைப் பரப்பி, ஈரச்சாக்கு மூடி, மழை வரும்வரை நாள்தோறும் நனைத்தோம். அதற்குப் பயன்பட்டது பாத்திரம் அலசிய நீர்.

கரையின் மட்டம் அடுத்தது. கண்ணுக்குச் சமமாகத் தோன்றிய எம் கரை, 24 அடி நீளத்தில் நான்கு அங்குலம் சாய்ந்திருந்தது. தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் கரையின் இரு கோடிகளிற் பிடித்தால், நீர் இரண்டிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். கொத்தனார் செய்வது அதுவே. அம்மட்டத்திற்கு முளையடித்துத் தாழ்ந்த பக்கத்தை உயர்த்தினோம்.

இனி வரத்து. தமிழ்நாட்டில் கட்டடங்கள்தோறும் மழைநீர் சேமிப்பு 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. எம் வீட்டுக் கூரைக் குழாயும் அக்காலத்தில் ஒரு குழிக்குத் திருப்பப்பட்டது. அக்குழி பின்னர்க் குப்பையால் அடைந்து கிடந்தது. அதனைத் தூர்வாரி வண்டல் தங்கும் குழியாக்கி, அதிலிருந்து குளத்திற்குக் கால் வெட்டினோம். எம் கூரை 1,000 சதுர அடி. ஓரங்குல மழைக்கு அதிலிருந்து, சேதாரம் போக, ஏறத்தாழ 1,900 லிட்டர் வரும். குளத்தின் மேல் நேரே விழுவது 850 லிட்டர். ஆகவே ஏழங்குல மழையில் குளம் நிறையும். பருவத்தின் முதல் மழைநீரில் கூரைத் தூசியும் பறவை எச்சமும் மிகுதியாதலின், அதனைக் குளத்துள் விடாது வெளியே கழித்துவிடல் வேண்டும்.

மறுகாலைப் பற்றி எம்முள் ஒருவருக்கு ஐயமிருந்தது. இச்சிறு குளத்திற்கு அது வேண்டுமோ என்றார். தாத்தா 2023ஆம் ஆண்டு டிசம்பர் மழையை நினைவூட்டினார். அம்மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எம் மாவட்டங்களில் கரைகள் பல உடைந்ததும் ஊர்கள் நீரில் நின்றதும் எல்லோரும் அறிந்தவை. அதன்பின் ஐயம் எழவில்லை. கரையினும் மூன்று அங்குலம் தாழ்வாக, ஓரடி அகலத்தில் செங்கல் பதித்து, வாழைப்பாத்தி வழியாகக் கிணற்றோரத்து உறைகுழிக்கு மறுகால் விட்டோம். கிணற்றினின்று எடுத்ததை ஒருவாறு திருப்பிக் கொடுக்கும் வழியும் அதுவாயிற்று.

செடிகளைப் பற்றி இனிச் சொல்வோம். ஜூனில் வற்றியபோது ஆம்பல் இலையெல்லாம் கருகிவிட்டது. சட்டிகளைக் கவிழ்த்துக் கிழங்கை எறியப் புகுந்தோம். எதிர்வீட்டு ஆச்சி வேலிக்கு அப்பாலிருந்து அதனைக் கண்டு, “அது சாகாது; அப்படியே கிடக்கட்டும்” என்றார். அவரோடு அச்சம் நீங்கிப் பேசத் தொடங்கியது அன்றுதான். பேச்சினிடையே கொட்டியைப் பற்றி வினவினோம். “கொட்டிக்கிழங்கா? சின்னதில் சுட்டுத் தின்போமே!” என்றார். எட்டு மாதம் கழித்து இதனை எழுதுகையிலும் அச்சொல் எம் செவியில் உள்ளது. ஆவணி மாதத்து ஒரு காலைப்பொழுதில், வறண்டு வெடித்த ஊர்க்குளத்தின் மேல்மூலைக்கு எம்மை அழைத்துச் சென்று, ஒரு கம்பால் மண்ணைக் கிளறி, சிறு கிழங்குகளை எடுத்துக் கையில் வைத்தார். மேலே ஓர் இலையும் இல்லை. அறியாதார்க்கு அது வெறும் மண்.

மூதுரையில், நீரற்ற குளத்தை விட்டுப் பறவைகள் நீங்க, நீங்காது உடனிருப்பனவாகக் கொட்டி, ஆம்பல், நெய்தல் என்னும் மூன்றும் கூறப்பெறுதலை யாவரும் இளமையிற் கற்றிருப்போம். உறவின்முறைக்கு உவமையென்று பொருள் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருப்போம். அது குளத்தைக் கண்டார் ஒருவர் கண்டபடி சொன்ன செய்தி என்பது எமக்கு அன்றே புலனாயிற்று. வற்றிய குளத்தில் இம்மூன்றும் ‘இருத்தல்’ என்பது கிழங்காய் மண்ணுள் இருத்தல். ஆசிரியரிடம் சில கிழங்குகளைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் அவற்றை மேசைமேல் வைத்துக்கொண்டே அம்மணி நேரம் முழுதும் பாடம் நடத்தினார்.

கொட்டியையும் ஆம்பலையும் படியில் நட்டோம். களியும் மக்கிய சாணமும் கலந்த மண்ணில் கிழங்கை வைத்து, மீன் கிளறாதிருக்க மேலே மணல் தூவுதல் வேண்டும். தாமரை எல்லை அறியாது ஓடும் இயல்பினது; விட்டால் ஓராண்டில் குளத்தைத் தனதாக்கும். ஆகவே அகன்ற தொட்டியில் அடக்கினோம். அதன் கிழங்கின் முளைநுனி மண்ணில் புதையலாகாது, ஒடிந்தால் வளராது. தாமரைக்கும் ஆம்பலுக்கும் வேறுபாடு அறியாதார் இலையை நோக்குக. ஆம்பலிலை பிளவுடையதாய் நீரிற் படியும். தாமரையிலை வட்டமாய், முற்றிய பின் காம்பு நீண்டு நீர்க்கு மேலெழும், நீர் அதில் ஒட்டாது. குவளை, நீலம், நெய்தல் என்பன ஒன்றோ வேறோ என்பதில் அறிஞர் ஒருமித்தாரல்லர். யாம் நீலநிறத்து அல்லி ஒன்றை நட்டு, அதனைக் குவளை என்று அழைத்து வருகின்றோம். வெங்காயத்தாமரையை மட்டும் அழகு கருதிக் கொணராதீர்கள். அது குளங்களை அடைக்கும் வகையை ஆற்றோரத்தார் அறிவர்.

ஐப்பசியில் மழை தொடங்கிற்று. கார்த்திகை நடுவில் நடுக்குழி நிறைந்து படியேறியது. அம்மாதக் கடைசியில் ஒருநாள் விடியலில் மறுகால் பாய்ந்தது. தாத்தாவை எழுப்பிக் காட்டினோம். முதல் மூன்று வாரம் நீர் பச்சையாயிருந்தது. அதனை இறைத்து மாற்றுதல் கூடாது. இலைகள் பரந்து நீர்ப்பரப்பிற் பாதியை மூடினால் பாசி தானே அடங்கும். கொசுவுக்கு அஞ்சித் தலையில் வெள்ளிப்பொட்டுடைய முண்டக்கண்ணி மீன்களை வாய்க்காலிற் பிடித்து விட்டோம். கொசுவின் புழு ஏழெட்டு நாளிற் கொசுவாகும். இம்மீனோ நீரின் மேல்மட்டத்திலேயே திரிந்து அதனை உண்பது. அயல்நாட்டினின்று வந்த கம்பூசியா மீனும் இதனைச் செய்யுமாயினும், தவளைக்குஞ்சையும் பிற மீன் குஞ்சையும் அது விட்டுவைப்பதில்லை. மார்கழியில் ஊராட்சிச் சுகாதாரப் பணியாளர் அகப்பையால் நீரை மொண்டு பார்த்துப் புழு இல்லையென்று எழுதிக்கொண்டு போனார். சிறுபிள்ளைகள் வரும் வீடாதலின் குளத்தைச் சுற்றி இடுப்பளவு மூங்கில் வேலியும் கட்டினோம். குழந்தைக்கு ஓரடி நீரும் ஆழமே. இதனைச் செய்யாதவர் குளம் தோண்டலாகாது. உள்ளே விழுந்த அணில் முதலியன ஏறிவர ஒரு பலகையைச் சாய்த்து வைத்துள்ளோம்.

கொட்டி தை முதல் வாரத்திற் பூத்தது. ஒற்றைக் கதிராய், நீர்க்கு மேல் நான்கு விரல் உயரத்தில், மிகச் சிறிய பூ. எதிர்வீட்டு ஆச்சி வேலியைத் திறந்து வந்து குனிந்து பார்த்து, “இதுக்கா இத்தனை பாடு!” என்று சொல்லிப் போனார். மறுநாளும் வந்தார்.

நடுக்குழியில் அடி அங்குலம் குறித்த மூங்கிற்கோல் ஒன்று நட்டுள்ளோம். மார்கழி 10இல் மறுகால் நின்றபின், மாசி முதல் நாள் வரையில் நீர் ஓரடி தாழ்ந்துள்ளது. வாளிக் கணக்கோடு ஒப்பிட்டால் கசிவு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே. இனி வெயில் ஏறும். பங்குனித் தொடக்கத்திற்குள் படி வெளிப்படும்; கொட்டியும் ஆம்பலும் மண்ணுட் போகும்; மீன்கள் நடுக்குழிக்கு இறங்கும். வைகாசிக் கடைசியில் அக்குழியில் முழங்காலளவு நீர் எஞ்சும் என்பது எம் கணக்கு. கணக்கு தவறினால் மீன்களை வாளியில் எடுத்துத் தாத்தாவின் வயற்கிணற்றில் விடுவதென்றும், மோட்டாரைத் தொடுவதில்லை என்றும் மூவரேமும் முடிவு செய்திருக்கின்றோம்.